காரேஜ் மூலையில் ஐம்பது சேனே

காசை முதலில் பார்த்தவள் ஃபேத்து. ஒன்பது வயதுப் பெண். புது வீட்டின் அறைகளையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்து முடித்துவிட்டுக் காரேஜுக்குள் போனவள், அங்கிருந்தே கத்தினாள்.

"அம்மா! ஓடி வாம்மா! தரைக்குள்ள நம்ம ஊர்க் காசு!"

லோசா சமையலறைக் குழாயைத் திறந்து, வெந்நீர் வருகிறதா என்று விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். திறந்தது திறந்தபடியே கிடக்கப் போய்விட்டாள். அவள் கணவன் அபேலு குழாயை மூடிவிட்டு, நாலு வயது மீக்காவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

காரேஜின் பின்மூலையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக அந்தக் காசு பதிந்திருந்தது. சிமென்ட் பால் படிந்து மங்கியிருந்தாலும் எழுத்து தெரிந்தது, அவர்களுடைய தீவு நாட்டின் பெயர். சமோவா. ஐம்பது சேனே.

"மெல்டனத் தாண்டி இந்தப் பொட்டக்காட்டுல, எவனோ கட்டின வீட்டுல, நம்ம காசு எப்படிடி வந்துச்சு?" என்றாள் லோசா. அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தாள். காசின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். "ஆண்டவரே, ஒரு அடையாளம் கேட்டேன், காட்டிட்டீங்க. நாப்பத்து மூணு வாடகை வீட்டுக்காரன் இல்லேன்னு சொன்னது இதுக்குத்தானா?"

வீட்டைக் காட்ட வந்த விற்பனைக்காரி கிர்ஸ்டன், கையில் கோப்போடு வாசலில் நின்றிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். தன் வியாபாரத்துக்கு மேலே இருந்தே ஆள் வருமென்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

அபேலு மட்டும் காசை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். அந்தக் காசை அங்கே வைத்தது ஆண்டவர் இல்லை. அவன்தான்.

வீடுகளுக்குக் கான்கிரீட் தளம் போடுவது அவன் பிழைப்பு. பதினோரு வருடமாக ஸோரான் என்ற மேஸ்திரியின் கூட்டத்தில் வேலை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தளம் இறுகும் முன், கடைசியாகத் தேய்த்து மெழுகுகிறவன் காரேஜின் பின்மூலையில் ஒரு காசை அழுத்திவிட்டு வருவான். வழக்கமாக இருபது சென்ட். வீட்டுக்காரன் அதைப் பார்ப்பதில்லை; அந்த மூலையில் எப்போதும் அட்டைப்பெட்டிகள் ஏறிவிடும். போன வருட ஜனவரியில், இந்த நாட்டின் உச்சக் கோடையில், ஒரு நாள் அபேலுவின் கால்சட்டைப் பையில் இருபது சென்ட் இல்லை. அம்மாவை அடக்கம் செய்ய ஊருக்குப் போய்த் திரும்பியபோது தங்கிப்போன ஐம்பது சேனே ஒன்றுதான் இருந்தது. அதை வைத்தான். ஐந்நூறு தளங்களில் அந்த ஒன்றில்தான் அந்தக் காசு.

ஐந்நூறில் அவன் மறக்க முடியாத தளமும் அதுதான்.

அன்றைக்கு நாற்பத்திரண்டு டிகிரி. மூன்றாவது கலவை லாரி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. உள்ளே கலவை சூடேறிக் கட்டி பிடிக்கத் தொடங்கியிருந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஸோரான் லாரிக்குள் எட்டிப் பார்த்துக் காறித் துப்பினான். "தண்ணி விடுடா," என்றான். குழாயைப் பிடித்தவன் அபேலு. கலவை இளகியது, கஞ்சியாக ஓடியது. தண்ணீர் கூடினால் கான்கிரீட்டுக்குப் பலம் போய்விடும். "போதுமாண்ணே?" என்று மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் "இன்னும் விடு" என்றே பதில் வந்தது. கம்பி வலையைத் தூக்கி நிறுத்த நேரமில்லை, மிதித்துக்கொண்டே ஊற்றினார்கள். மண் ஈரம் ஏறாமலிருக்க அடியில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பு பின்பக்கம் கிழிந்திருந்தது, அதன் மேலேயே ஊற்றினார்கள். ஊற்றியபின் ஏழு நாள் ஈரம் காய விடக்கூடாது. அவர்களோ மூன்று மணிக்கே வேனில் ஏறிப் போய்விட்டார்கள்.

அப்போது இங்கே தெருவும் இல்லை, தெருப்பெயரும் இல்லை. வெறும் களிமண், எண் எழுதிய முளைக்குச்சிகள், காற்று. இப்போது நாற்பது வீடுகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல நிற்கின்றன. எது எதுவென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அபேலு மீக்காவை இறக்கிவிட்டு, பிள்ளையின் கையிலிருந்த கோலிக்குண்டை வாங்கி நடைவழி ஓட்டுத்தரையில் வைத்தான். கோலி ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்பக்கச் சலவை அறையைப் பார்த்து உருண்டு போனது. மீக்கா கைதட்டிச் சிரித்தான். அபேலு சலவை அறைக் கதவைச் சாத்திப் பார்த்தான். தாழ் விழவில்லை. கைப்பிடியைத் தூக்கிப் பிடித்தால்தான் விழுந்தது. நிலைக்கு மேலே சுவரில் மயிரிழை வெடிப்பு ஒன்று, பட்டி பார்த்து வெள்ளையடித்த இடம். வெளியே பின்சுவர் ஓரமாக நேற்றைய மழை இன்னும் தேங்கிக் கிடந்தது.

"முன்னாடி வாங்க இருந்தவங்களுக்குக் கடைசி நேரத்துல கடன் கிடைக்கல," என்றாள் கிர்ஸ்டன். "அதனாலதான் இந்த விலை. மூணு வாரத்துல சாவி. ஆனா சனிக்கிழமை மூணு மணிக்குள்ள கையெழுத்து வேணும். ஞாயித்துக்கிழமை வேற ஒரு குடும்பம் பாக்க வராங்க."

"வர வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் லோசா.

அவள் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. மார்ச்சில் அவர்கள் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். அன்றிலிருந்து லோசாவுக்கு அக்கா முறையான சினாவின் காரேஜில்தான் நாலு பேரும் படுக்கை. இப்போது ஜூலை, இங்கே நடுக்குளிர்காலம். விடிந்தால் தகரக் கதவிலிருந்து நீர் சொட்டும். மெத்தையின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். மீக்காவுக்கு நெஞ்சு இழுத்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாகிவிட்டது. போன வாரம், சினா வாடகைக்கு இருக்கும் அந்த வீட்டு உரிமையாளரின் ஆள் சோதனைக்கு வந்து மெத்தைகளைப் பார்த்துவிட்டான். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் காரேஜ் காலியாக வேண்டும், இல்லையென்றால் சினாவும் தெருவில். வங்கி ஒப்புக்கொண்ட கடனுக்குத் திங்கட்கிழமையோடு கெடு முடிகிறது. புதிதாக விண்ணப்பம் போட்டால், வட்டி ஏறிவிட்டதால் அதே அளவு தர மாட்டார்கள். அந்த அளவுக்குள் அடங்கிய வீடுகள் இரண்டே இரண்டு. இது ஒன்று. மெல்டன் தெற்கில் ரயில் பாதை ஓரமாக, ஐம்பது வருடப் பழைய வீடு ஒன்று.

பழைய வீட்டை மறுநாள், வியாழக்கிழமை பார்த்தார்கள். ரயில்வேயில் இருந்த ஒருவர் இறந்துபோய், பிள்ளைகள் ஏலத்துக்கு விட்டிருந்தார்கள். அபேலு கைவிளக்கோடு வீட்டுக்கு அடியில் நுழைந்தான். மரக்கால்களின் மேல் நின்ற வீடு அது. முழங்கையால் ஊர்ந்து ஒவ்வொரு காலையும் சுத்தியால் தட்டிப் பார்த்தான். நாற்பதில் பதினைந்து உளுத்துப்போயிருந்தன. மற்றவை கல் மாதிரி. ஜாக்கி வைத்துத் தூக்கிப் பதினைந்தையும் மாற்றிவிடலாம், அவனே செய்வான். புழுதியும் சிலந்தி வலையுமாக வெளியே வந்தபோது அவன் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"லோசா, கால்தான் போயிருக்கு. கால மாத்திடலாம். மேல மரம் எல்லாம் அந்தக் காலத்து மரம்."

லோசா வீட்டுக்குள்ளேயே போகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு புல்வெளியின் நடுவில் நின்றாள். அவள் பார்வை இறவாரத்தில் இருந்தது. சலவை அறைக்கு மேலே ஒரு தகடு உடைந்து தொங்கியது. உடைந்த வாயில் சாம்பல் நிறத்தில் நார் நாராகப் பிசிறு.

"அது ஆஸ்பெஸ்டாஸ்," என்றாள்.

"இந்த வயசு வீடுன்னா இருக்கும்தான். உடைக்காம இருந்தா ஒண்ணும்..."

"உடைஞ்சிருக்கு. குளியலறையில?"

அவன் கைவிளக்கை அணைத்தான். குளியலறைச் சுவர் முழுக்க அதே தகடுதான். யாரோ அலமாரி மாட்ட ஏழெட்டு ஓட்டை போட்டிருந்தார்கள்.

"எங்கப்பா எப்படிச் செத்தார்னு உனக்குச் சொல்லணுமா அபேலு?"

சொல்ல வேண்டியதில்லை. ஆக்லாந்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை உடைத்து இறக்கும் வேலை அவருக்கு. மாலையில் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி வெள்ளையாக வருவார். சட்டையை வாங்கி வாசலில் உதறுவது ஏழு வயது லோசாவின் வேலை. இருபத்தைந்து வருடம் ஒன்றுமில்லை. பிறகு நெஞ்சில் நீர் கட்டியது. எட்டே மாதத்தில், தலையணையில் சாய்ந்தபடி, கரைக்கு எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே போனார். சட்டையை உதறியவளின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சளி பிடித்து இரண்டு வாரம் இருமினாலே லோசா கழிப்பறையில் போய் ஒளிந்துகொண்டு இருமுவாள்.

"எனக்குப் போகட்டும்," என்றாள். "மீக்காவோட நெஞ்சுக்கு இத நான் குடுக்க மாட்டேன். ஆண்டவர் தரையில காசு பதிச்சுக் காட்டின வீட்ட விட்டுட்டு இங்க வந்து நிக்கறியே, உனக்கு என்னதான் வேணும்?"

அபேலு கைவிளக்கையும் சுத்தியையும் கொண்டுபோய் வேனில் போட்டான்.

வெள்ளிக்கிழமை, பத்து மணிச் சாப்பாட்டு நேரத்தில் ஸோரானிடம் போய் உட்கார்ந்தான். ஸோரானுக்கு அறுபது வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டது, நாக்கு மட்டும் போகவில்லை.

"அண்ணே, போன வருஷம் ஜனவரியில வெயில்ல ஒண்ணு போட்டோமே, லாரி லேட்டாச்சே..."

"எந்த ஜனவரி? எந்த லாரி? எனக்கு எல்லா வெயிலும் ஒண்ணுதான்."

"எங்க ஊர்க் காசு வெச்சேனே."

ஸோரான் மெல்லுவதை நிறுத்தினான். "அதுக்கென்ன இப்ப?"

"அந்த வீட்ட வாங்கலாம்னு என் பொண்டாட்டி சொல்றா."

ஸோரான் சிரிக்க ஆரம்பித்தான், சிரிப்பு கடைசியில் இருமலில் போய் நின்றது. "டேய், எல்லாரும் வந்து பாருங்கடா! ஊரெல்லாம் கிடக்கு வீடு, இவன் தான் வெச்ச வெடிமேலயே போய்ப் படுக்கப் போறான்!" மற்றவர்களும் சிரித்தார்கள். அபேலு சிரிக்கவில்லை என்பதைக் கண்டதும் ஸோரான் குரலைத் தாழ்த்தினான். "பின்பக்கக் கதவு பூட்டுதா?"

"தூக்கிப் பிடிச்சாத்தான்."

"மழைத்தண்ணி?"

"பின்சுவரோரம் நிக்குது."

கையிலிருந்த மிச்ச ரொட்டியை ஸோரான் மண்ணில் வீசினான். "வெளிய மூச்சு விடாத. விட்டா எனக்கு வேலை இல்ல, உனக்கு இல்ல, இதோ இவனுங்க ஆறு பேருக்கும் இல்ல."

"விடலண்ணே. நிக்குமா, நிக்காதா? அத மட்டும் சொல்லு."

"நிக்கும். எந்த வீடுடா விழுந்திருக்கு? அந்தக் களிமண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நம்ம தளம் மேல குந்திக்கிட்டு ஆடும். வெடிக்கும், கோணும், ஓடு பேந்துக்கும். பத்து வருஷம் கழிச்சு விக்கலாம்னு போனா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"நீயா இருந்தா வாங்குவியா?"

"நான் ஊத்தின வீட்டுல நான் படுப்பேனா? என் வீடு எங்கப்பனும் எங்க மாமனும் அறுபத்துநாலுல கட்டினது. போய்ப் பழச வாங்குடா. மரக்கால் மாத்த நானும் வரேன். கூலி வேண்டாம், பியர் மட்டும் வாங்கி வெய்யி."

அன்று மாலையே இன்னொன்றும் நடந்துவிட்டது. சபையில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் லோசா எழுந்து சாட்சி சொன்னாள். நாற்பத்து மூன்று முறை கதவு சாத்தப்பட்டதையும், நாற்பத்து நாலாவது கதவுக்குள் தரையில் சமோவாக் காசு இருந்ததையும் சொன்னாள். நூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். போதகரின் மனைவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "உம் பொண்டாட்டி விசுவாசத்துக்குத்தான் கெடச்சிருக்கு அபேலு, உன் மூஞ்சிக்கு இல்ல," என்று பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அவன் முதுகில் தட்டினார். அபேலு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பார்த்தவர்கள் ஜெபிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு, பழைய வீட்டுக்கு எதிரே, தெருவின் மறுபக்கம் அபேலு வேனை நிறுத்தினான். பிள்ளைகள் பின்னால் வறுத்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு ஏலம். மூன்று மணிக்குக் கிர்ஸ்டன்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னுதானே சொன்ன?" என்றாள் லோசா.

"அந்தக் காச ஆண்டவர் வெக்கல லோசா." அவன் ஸ்டீரிங்கைப் பார்த்தே பேசினான். "நான் வெச்சேன். அந்தத் தளம் நாங்க போட்டது."

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு முகம் மெதுவாக மலர்ந்தது. "அப்ப நீ கட்டின வீடா? அது இன்னும் பெரிய..."

"இரு. முழுசா கேளு."

லாரி, வெயில், குழாய், மிதித்த கம்பி, கிழிந்த விரிப்பு, கோலிக்குண்டு. ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியில் அங்கே ஒன்றுமே இல்லை.

"எதுக்கு நம்ம ஊர்க் காசு?"

"பாக்கெட்டுல வேற காசு இல்ல."

"உன் பாக்கெட்டுல சில்லறை இல்லாததுக்கு நான் மண்டி போட்டேன். சபை நடுவுல நின்னு சாட்சி சொன்னேன்."

"புதன்கிழமையே சொல்லியிருக்கணும்."

"புதன்கிழமை எதுக்கு? தண்ணி விடும்போதே சொல்லியிருக்கணும், அந்த ஸோரான்கிட்ட." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வேற எவனாவது வாங்கியிருந்தா உனக்குத் தூக்கம் வந்திருக்கும், இல்ல? ஒன்றரை வருஷமா வந்துச்சே. இப்பத்தானே போச்சு. எங்கப்பாவ வேலைக்கு விட்டவனும் இப்படித்தான் அபேலு. தூசு எவன் நெஞ்சுக்கோ போகுதுன்னு இருந்தான்."

பின்னாலிருந்து ஃபேத்து, "அம்மா, அழறியா?" என்றாள்.

"இல்லடி. உப்பு ஜாஸ்தி."

அபேலு கதவைத் திறந்தான். "நீ ஒரு வார்த்தை சொல்லு. கை தூக்கறேன். இல்லேன்னா சும்மா நின்னுட்டு வந்துடறேன்."

"நான் சொல்ல மாட்டேன். குழாயப் பிடிச்ச கை உன்னோடது. தூக்கறதா இல்லையான்னு அதுவே முடிவு பண்ணட்டும்."

புல்வெளியில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள், வேடிக்கைக்கு வந்தவர்கள். ஏலக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் போலச் சிரித்துச் சிரித்துப் பேசினார். "மழை பெஞ்சாலும் வீடு நனையாது, நான்தான் நனைவேன், சீக்கிரம் கேளுங்க!" என்றார். இரண்டு பேர் கேட்டு, ஏற்றி, விலகினார்கள். பிறகு அபேலு கை தூக்கினான். ஓர் இளைஞன் ஏற்றினான். அவன் பக்கத்தில் அவன் மனைவி, ஏழு மாத வயிறோடு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அபேலு மறுபடி தூக்கினான். அவனும் ஏற்றினான். ஏற்றும்போது அவன் குரல் உடைந்தது. அவனிடம் இனிப் பணம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அபேலுவிடம் இன்னும் ஒரு தடவைக்கு இருந்தது.

"சார், உங்களத்தான்," ஏலக்காரர் அபேலுவைப் பார்த்துக் கையை நீட்டினார். "இன்னும் ஒரே ஒரு படி. நாளைக்கு ராத்திரி இங்க தூங்கறதா கனவு காணுங்க. முதல் தடவை!"

அபேலு மரக்கால்களை நினைத்தான். பதினைந்து. ஒரு மாதத்தில் முடித்துவிடுவான்.

"ரெண்டாம் தடவை!"

அவன் வேனைத் திரும்பிப் பார்த்தான். எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது, உள்ளே மூச்சு படிந்து வெளுத்திருந்தது. ஒரு கை அதில் வட்டமாகத் துடைத்த இடத்தில் லோசாவின் முகம் தெரிந்தது. தன் கழுத்துத் துண்டை எடுத்து மீக்காவின் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டியிருந்தாள். இத்தனைக்கும் வேன் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் அவனைப் பார்க்கவில்லை. உடைந்த இறவாரத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தேழு வயதுக்காரியின் முகமில்லை அது. வாசலில் சட்டையை உதறிவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம்.

அபேலு இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான்.

சுருட்டிய காகிதத்தால் ஏலக்காரர் உள்ளங்கையில் அடித்தார். அந்த இளைஞன் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதான். அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள்.

அபேலு நேராக வேனுக்குப் போகவில்லை. அவர்களிடம் போனான். "சலவை அறைக்கு மேல உடைஞ்ச தகடு இருக்கு பாருங்க, அது ஆஸ்பெஸ்டாஸ். குளியலறைச் சுவரும் அதுதான். நீங்களா கைவெச்சுப் பிச்சுடாதீங்க. லைசென்ஸ் இருக்கிறவன கூப்பிட்டு எடுத்துட்டு அப்புறம் குடிவாங்க. கீழ பதினஞ்சு கால் மாத்தணும்."

இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறைத்தான். "என்ன அண்ணே, தோத்த வயித்தெரிச்சலா? ஏலத்துக்கு முன்னாடி சொல்றதுதானே?"

"இருக்கட்டும். சொல்லிட்டேன்."

அவன் மனைவி மட்டும் இறவாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள்.

வேனுக்குத் திரும்பும்போது அபேலுவுக்கு ஒன்று உறைத்தது. முன்பின் தெரியாதவர்களிடம், யாரோ எப்போதோ அடித்த தகட்டைப் பற்றிச் சொல்ல அவனுக்கு நாக்கு இருந்தது. புது வீட்டுத் தெருவில் அவன் தளம் போட்ட மற்ற வீடுகளில் இன்றைக்குக் குடியிருப்பவர்களிடம் போய் நிற்க மட்டும் கால் வராது.

"போச்சு," என்றான்.

லோசா மீக்காவின் முகத்திலிருந்து துண்டை அவிழ்த்தாள். அவிழ்த்து, அதையே தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். பிழைத்த அழுகையா, மாட்டிக்கொண்ட அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

"வண்டிய எடு," என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தரை வெடிச்சாக் கண்ணுக்குத் தெரியும். தூசு தெரியாது. தெரியறதோட மல்லுக்கட்டிக்கலாம்."

கிர்ஸ்டன் ஒப்பந்தத்தை விரித்துவைத்துக் காத்திருந்தாள். "அந்தக் காசு விஷயத்த எங்கம்மாகிட்டகூடச் சொன்னேன்! அழுதுட்டாங்க!" என்றாள். லோசா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அஸ்திவாரத்துக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் இருக்கு, அதப்பத்தி நீங்க கவலையே படவேண்டாம்," என்று கிர்ஸ்டன் ஒரு பக்கத்தைக் காட்டினாள். அபேலு அதைப் படித்தான். அந்த உத்தரவாதத்தைக் கேட்டுப் போனால் தோண்டிப் பார்க்க ஆள் வரும். யார் ஊற்றியது என்று கேட்கும். முறையிட்டவனும் குற்றவாளியும் ஒரே ஆளாக நிற்க வேண்டும், பின்னால் ஆறு பேருடைய கூலியும் நிற்கும். அவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். கான்கிரீட்டால் வெடிப்பு விழுந்த அவன் விரல்களில் பேனா நழுவியது. லோசா அவன் கையெழுத்துக்குக் கீழே போட்டாள்.

ஆகஸ்டில் குடிபோனார்கள். அந்தக் குளிர் முழுக்க மீக்காவுக்கு ஒரு நாள்கூட நெஞ்சு இழுக்கவில்லை. மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்க, அபேலு விடுமுறை நாட்களில் பின்சுவர் நெடுகக் கால்வாய் வெட்டிக் குழாய் பதித்தான். களிமண் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு விடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் அதைத் திட்டினான்.

நவம்பரில் சலவை அறையின் ஓடு ஒன்று நடுவில் பிளந்தது. டிசம்பரில் அந்தக் கோடு கதவைத் தாண்டி நடைவழிக்கு வந்தது. லோசா அதன் மேல் ஒரு பாய் விரித்தாள். காரேஜ் மூலைக் காசின் மேல் செருப்பு அடுக்கும் பலகையை வைத்தாள். சபையிலிருந்து யாராவது வந்து, "அந்த அடையாளத்தக் காட்டு லோசா," என்று கேட்பார்கள். பலகையை நகர்த்துவாள். அவர்கள் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதும் மறுபடி நகர்த்தி வைப்பாள். உண்மையை ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. அவனிடமும் அதைப்பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பாடும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே பாடினாள்.

ஜனவரி வந்தது. வடக்கிலிருந்து அனல் காற்று நாலு நாளாக அடித்தது. வீட்டைச் சுற்றிக் களிமண் வெடித்து, சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. மண் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் தளம் முறியும். அதனால் அபேலு வேலை முடிந்து வந்ததும், பூட்ஸைக்கூடக் கழற்றாமல், குழாயை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவான். ஒரு பக்கம் அதிகம் போகக்கூடாது, ஒரு பக்கம் குறையவும் கூடாது. சுவரோரமாக ஒரே அளவாக, எண்ணி எண்ணி விடுவான். நாளைக்கும் விட வேண்டும். இந்தக் கோடை முழுக்க, அடுத்த கோடை முழுக்க, அவன் கையால் குழாய் பிடிக்க முடிகிற வரைக்கும் விட வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே மீக்கா நடைவழியில் கோலி விட்டு விளையாடிக்கொண்டிருந்தான். அது தானாக உருண்டு போவதை இந்த வீட்டின் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தான் அவன்.

லோசா பின்கதவைத் தூக்கிப் பிடித்துத் திறந்து வெளியே வந்தாள். வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு மண்ணைப் பார்த்தாள். தண்ணீர் விழுந்த இடத்தில் களி சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது.

"போதுமா?" என்றாள்.

அபேலு குழாயை இறக்கவில்லை. "இன்னும் கொஞ்சம்," என்றான்.